அம்மாவுக்கு ஊசியை நிறுத்தச் சொல்ல வேண்டாம், அண்ணாச்சி

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

அண்ணாச்சி, நேற்று ராத்திரி டியூட்டி முடிந்து வந்துதான் உங்கள் மடலைப் பார்த்தேன். அம்மாவுக்கு மூளை ஆபரேஷனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியிலேயே மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சி) தொற்றிவிட்டது, இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, மாத்திரை வாங்கிக்கொண்டு புளியரைக்கே கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணாச்சி.

எங்கள் அப்பாவுக்கும் இதேதான். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து, மூளை நீர் வடிய டியூப் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் காலை நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்து, "பனி உண்டு" என்றார். மதுரைக்காரியான என் மனைவி குளிர் என்று நினைத்து அப்பாவுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்தினாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. டியூபைப் பார்த்தால், முதல் நாள்வரை தெளிவாக வந்த நீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குக் காத்திராமல், நீரை எடுத்த கையோடு வான்கோமைசின், மெரோபெனம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் ஊசிகளையும் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக் கிருமிகள் பலவும் சாதாரண மருந்துக்கு மசியாதவை. ஸ்டெஃபைலோகாக்கஸோ அசினெட்டோபாக்டரோ, எதுவென்று தெரியாதவரை இப்படித்தான் தொடங்குவார்களாம். மூன்றாம் நாள் கிளெப்சியெல்லா என்று வந்தது, மெரோபெனமுக்கு அடங்கும் வகை. வான்கோமைசினை நிறுத்தினார்கள். கிருமி டியூபிலேயே படலமாக ஒட்டிக்கொள்ளும் என்று அதையும் மாற்றினார்கள்.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெரோபெனம் 2 கிராம் ஏறுகிறதே, டோஸையாவது குறைக்கலாமே என்று நானும் கேட்டேன். டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்: ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. அழற்சி இருக்கும்போது அது தளர்ந்து மருந்தை உள்ளே விடும். குணமாக ஆக இறுகிவிடும், மருந்து குறைவாகத்தான் போய்ச் சேரும். அதனால் கடைசி ஊசிவரை அதே டோஸ். மெரோபெனமுக்கு மாத்திரையும் கிடையாது. எங்களுக்கு 21 நாள் போட்டார்கள். அம்மாவுக்கு எத்தனை நாள் என்பது எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது, அதை டாக்டரே சொல்லட்டும்.

சொந்தக்காரர்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வரவில்லை என்றீர்கள். இருமலில் பரவும் மூளைக்காய்ச்சல் வேறு, இது வேறு. கட்டிலைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கையைக் கழுவினால் போதும்.

மதினி தனியாக எத்தனை ராத்திரி கண் விழிப்பார்கள்? என் தம்பி செங்கோட்டையில்தான் இருக்கிறான், பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து துணைக்கு இருப்பான்.