ஜனவரில பச்சையா இருந்துச்சு, மரம்னு போட்டுட்டேன்

சேட்டிலைட் படத்தப் பாத்து மேப் போடுற வேலையில இருந்தவங்க யாராச்சும் இங்க இருந்தா நீங்க ஏமாந்த கதைய எழுதுங்க. மொதல்ல என் மானத்த நானே வாங்கிக்கிறேன்.

2018ல ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல சேந்தேன் (பேர் வேணாம், கடைசி ரெண்டு மாச சம்பளத்துக்கு அலைய விட்டாங்க, அது தனிக் கதை). வேலை என்னன்னா, ஆப்பிரிக்கா முழுக்க எது காடு, எது வயல், எது வெறும் மண்ணுன்னு கம்ப்யூட்டர் ஒரு மேப் போட்டிருக்கும், அது சரியான்னு பாக்க கண்டம் முழுக்க புள்ளி தூவி விட்டிருப்பாங்க, ஒவ்வொரு புள்ளியும் 20 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு கட்டம், நம்மூர் கணக்குல கிட்டத்தட்ட 10 சென்ட். அந்த 10 சென்ட்ல என்ன இருக்குன்னு நாம கண்ணால பாத்து சொல்லணும். மரம், புதர், புல், பயிர், சதுப்பு, வெறும் நிலம், கட்டடம், தண்ணி, இப்படி லிஸ்ட் இருக்கும். அதுல பனின்னும் ஒண்ணு இருந்துச்சு. ஆப்பிரிக்காவுக்கு பனியான்னு சிரிச்சேன், அப்புறம்தான் கிளிமஞ்சாரோ உச்சி ஞாபகம் வந்துச்சு.

ஸ்க்ரீன்ல மேல ஒரு தெளிவான போட்டோ, கீழ ஒரு பச்சை கிராஃப். இலை சிவப்பு வெளிச்சத்த முழுங்கிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்ப திருப்பி அடிச்சிடும், அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வர்ற நம்பர்தான் என்டிவிஐ. இலை ஜாஸ்தின்னா நம்பர் ஏறும். ஒரு வருஷத்துக்கு அது எப்படி ஏறி இறங்குதுன்னு கிராஃப்ல தெரியும். நான் சேந்த புதுசு, ஒரு நாளைக்கு 150 புள்ளி முடிக்கணும், கிராஃப யாரு பாப்பா. போட்டோவ பாக்குறது, டக்குன்னு அடிக்கிறது, அடுத்தது.

நைஜர் நாட்டுல மராடி, ஜிண்டர் பக்கம் ஒரு கொத்து புள்ளி வந்துச்சு. போட்டோ ஜனவரில எடுத்தது. சுத்தி மண்ணு காஞ்சு வெளிறிப் போய் கிடக்கு, நடுவுல உருண்டை உருண்டையா பச்சை மரம், நிழல் நல்லா நீளமா விழுந்திருக்கு. கீழ பயிர்னு ஒண்ணுமே இல்ல. மரம், மரம், மரம்னு ஒரு நாப்பது புள்ளி அடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். மறுநாள் எங்க வேலை சரியான்னு பாக்குற க்யூசி அக்கா நாப்பதையும் திருப்பி அனுப்பிட்டாங்க. "தம்பி, ஆகஸ்ட் படத்த தொறந்து பாருங்க"ன்னு மட்டும் ஒரு வரி.

தொறந்தா அதே இடம், அதே மரம், ஆனா மரத்துல ஒரு இலை இல்ல. சாம்பல் கலர்ல எலும்புக்கூடு மாதிரி நிக்குது, சுத்தி மண்ணு பூரா பச்சை. கம்பு! நம்ம கம்பங்கூழு கம்புதான், அங்க அதுதான் முக்கியமான சாப்பாடு. மழைக்காலத்துல ஊரே பச்சையாகும்போது இந்த மரம் மட்டும் இலைய உதுத்துடுது, மழை நின்னு எல்லாம் காஞ்சப்புறம் தளிர் விடுது. ஃபைதெர்பியா அல்பிடான்னு பேரு, அந்த ஊர் ஹவுசா பாஷைல காவோ. வேர் ரொம்ப ஆழமா போறதால வெயில் காலத்துல அதுக்குத் தண்ணிக்குக் கவலையில்ல. பயிர் வளரும்போது நிழல் கட்டாது, உதிர்ந்த இலை எருவாகுது, காய ஆடு மாடு திங்குது, அப்புறம் எந்த விவசாயி வெட்டுவான்? விதைச்சு நட்டது கூட கிடையாது, தானா முளைச்சத விட்டு வெச்சுக் காப்பாத்துனது.

அப்புறம் கிராஃப ஒழுங்கா பாத்தா ரெண்டு திமில் தெரியுது, ஒண்ணு பெருசா ஆகஸ்ட், செப்டம்பர்ல, அது கம்பு, இன்னொண்ணு குட்டியா டிசம்பர், ஜனவரில, அது காவோ. கேட்ட கேள்விக்கு பதில் ரெண்டு நாள் முன்னாடியே என் கண்ணு முன்னாடி வரைஞ்சு வெச்சிருந்தாங்க.

சரி, நீங்க சொல்லுங்க.

———

தம்பி, நான் எதிர்ப்பக்கம். நீங்க ஏசி ரூம்ல உக்காந்து போட்ட மேப்ப கைல வெச்சுக்கிட்டு நேர்ல போய் பாத்த ஆளு. ரெண்டு வருஷம் கென்யாவுல இருந்தேன். சொந்த ஊரு ராமநாதபுரம் பக்கம், இதை ஏன் சொல்றேன்னு கடைசில புரியும்.

பரிங்கோ ஏரிக்குத் தெக்க மரிகாட்னு ஒரு சின்ன டவுன். மேப்புல அந்தப் பக்கம் அடர்த்தியா மரம்னு இருந்துச்சு, பழைய மேப்புல அதே இடம் புல்லு. எங்க டீம்ல ஒரே சந்தோஷம், காடு திரும்பி வந்திருச்சுன்னு. நாங்க போன நேரம் நல்ல கோடை, மத்த மரமெல்லாம் வாடிக் கிடக்கு, இந்த ஒரு பட்டை மட்டும் வருஷம் பூராம் குறையாத பச்சைன்னு கிராஃப் சொல்லுது. வண்டிய விட்டு இறங்கினேன், செருப்புல முள்ளு ஏறுச்சு. குனிஞ்சு பாத்தா மஞ்சளா வளைஞ்ச காய் கீழ கொட்டிக் கிடக்கு. கூட வந்த தாவரவியல் ஆளு புஸ்தகத்த பொரட்டிக்கிட்டு இருக்காரு, நான் சொன்னேன், சார் புஸ்தகத்த மூடுங்க, இது எங்க ஊரு சீமைக் கருவேலம்.

அங்க அதுக்குப் பேரு மதெங்கே. 80கள்ல விறகுக்கு ஆகும், பாலைவனம் பரவாம தடுக்கும்னு கொண்டாந்து விட்டது, எங்க ஊருல சொன்ன அதே காரணம். மேய்ச்சல் நிலத்த முழுங்கிருச்சு. காய்ல சீனி ஜாஸ்தி, தின்னு தின்னு ஆட்டுக்குப் பல்லு விழுந்துருதுன்னு அந்த மக்கள் ஒரு பல்லுப் போன ஆட்டையே நைரோபி கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு அங்க கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க, பேப்பர்லயும் வந்த விஷயம்தான். கரிமூட்டம் போட்டு கரி விக்கிறதும் எங்க ஊரு மாதிரியே. ஒரு பெரியவர்கிட்ட மேப்ப காட்டி இங்க காடு வளந்திருக்கான்னு கேட்டேன், அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

மேப்பு பொய் சொல்லல, அத மறுக்க முடியாது. அஞ்சு மீட்டர் ஒசரம், நூத்துக்குப் பத்து பங்குக்கு மேல கிளை மூடி இருக்கு, அரை ஹெக்டேருக்கு மேல பரவி இருக்குன்னா ஐநா உணவு வேளாண் அமைப்போட கணக்குல அது காடுதான். ஆடு மேய்க்கிறவனுக்கு அது என்னன்னு மேப்புல போட கட்டமே இல்ல.

அதே பயணத்துல இன்னொரு கூத்து. ஏரிக்கரைல தரைன்னு இருந்த புள்ளிக்குப் போனா தண்ணி, நடுவுல பட்டுப்போன மரம் நிக்குது. அதுக்கு முன்னாடி பத்து வருஷமாவே அந்த ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஏரியெல்லாம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கிசுமு போனோம், விக்டோரியா ஏரியோட வினாம் வளைகுடா. அங்க தலைகீழு. மேப்புல கரையோரம் புல்வெளின்னு இருக்கு, போய் பாத்தா ஏரி. மேல பூராம் ஆகாயத்தாமரை. படகு துடுப்பே போட முடியாம நிக்குது. காத்தடிச்சா அது மொத்தமா நகந்து வேற கரைக்குப் போயிரும், அப்ப இந்த வாரப் படத்துல இங்க புல்லு, அடுத்த வாரம் அங்க புல்லு. புல்வெளி நடந்து போறத நான் அங்கதான் பாத்தேன்.

———

அக்கா செம. சின்ன டவுட், நான் ஸ்டூடண்ட். இத்தனை குழப்பத்துக்கு பதிலா நல்ல தெளிவான ஒரே நாள் படமா எடுத்து கண்டம் முழுக்க மேப் போட்டா என்ன?

———

தம்பி, அப்படி ஒரு நாள் கிடையாது. சகாராவுக்கு மேல வெயில் அடிக்கிற அன்னிக்கு காங்கோ மேல மேகம் நிக்கும். நான் ரிட்டயர்டு ஆளு, இந்தத் துறைக்குள்ள 80கள் கடைசில வந்தவன், அதனால கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்குங்க.

காபோன் கரையோரம் எனக்கு வந்த ஏரியா. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க மழை இல்லாத காலம், அப்ப வானம் தெளிவா இருக்கும்னு நம்பி அந்த மாசப் படமா தேடித் தேடிப் பாக்கறேன், எல்லாத்துலயும் வெள்ளைப் போர்வை. அப்புறம்தான் தெரிஞ்சது, அங்க மழை இல்லாத காலத்துலதான் தாழ்வான மேகம் விலகாம மூடி நிக்கும், ஆனா பெய்யாது. வெயில் காலம்னா வெயில் அடிக்கணும்னு என் மண்டைக்குள்ள இருந்தது மதுரை வெயில். இப்ப மேகத்த ஊடுருவுற ரேடார் சேட்டிலைட் இருக்கு, சென்டினல் 1 மாதிரி, நீங்க அதிர்ஷ்டக்காரங்க.

எங்க காலத்துல என்ன பண்ணாங்கன்னா ஒரே இடத்தோட மூணு வாரப் படத்த அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நாள்ல என்டிவிஐ ஜாஸ்தியோ அதை மட்டும் எடுத்துக்குவாங்க. மேகம் இருந்தா அந்த நம்பர் விழுந்துடும், அதனால ஜாஸ்தி நம்பர் வந்த நாள் மேகம் இல்லாத நாளா இருக்க வாய்ப்பு அதிகம். எளிமையான தந்திரம்தான், ஆனா அத வெச்சுத்தான் 1985ல டக்கர், டவுன்ஷெண்ட், கோஃப் மூணு பேரும் ஆப்பிரிக்கா முழுமைக்கும் தாவர மேப் போட்டு சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. இதுக்குன்னு விட்ட சேட்டிலைட் கூட இல்ல, வானிலை பாக்க அமெரிக்காக்காரன் விட்ட நோவா சேட்டிலைட். 11 மாசத்துல எட்டு அடுக்கு, ஒவ்வொண்ணும் 21 நாள். பச்சை வடக்க ஏறி தெக்க இறங்கறது மழைப் பட்டை நகர்றதோட அப்படியே ஒத்துப் போச்சு, சகாராவுக்குத் தெக்க இருக்குற சாஹேல் பட்டைல வந்த 1983 வறட்சியும் அதுல தெரிஞ்சது.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1983ல, யுனெஸ்கோ வெளியிட்ட ஃப்ராங்க் வைட்டோட தாவர மேப் இருக்கே, அதை நூலகத்துல விரிச்சுப் பாத்திருக்கேன். ஒரு சென்டிமீட்டர் 50 கிலோமீட்டர். காட்டுல நடந்து நடந்து எழுதின எத்தனையோ பேரோட குறிப்ப சேத்து வருஷக்கணக்கா உழைச்சு வரைஞ்சது. அதுல என்ன மரம்னு பேரே இருக்கும், சேட்டிலைட் மேப்புல இலை இருக்கு இல்லங்கறதுதான் இருக்கும். இப்பவும் ஏதாவது புள்ளில சந்தேகம்னா நான் மொதல்ல வைட்டத்தான் பாப்பேன், வயசானவன் புத்தின்னு வெச்சுக்குங்க.

அந்த 1985 டக்கர் பேர 2020ல நேச்சர் இதழ்ல திரும்பப் பாத்தேன். மேற்கு ஆப்பிரிக்காவோட சகாரா, சாஹேல் பக்கம் 13 லட்சம் சதுர கிலோமீட்டர்ல மரத்த ஒண்ணொண்ணா எண்ணி 180 கோடிக்கு மேலன்னு சொன்ன ஆய்வு, மார்ட்டின் பிராண்ட் தலைமைல. மெஷின்தான் எண்ணுச்சு, ஆனா மெஷினுக்குக் கத்துக்குடுக்க கிட்டத்தட்ட 90,000 மரத்த மனுஷன் கையால சுத்தி வரைஞ்சிருக்கு. மொதல்ல எழுதின தம்பி, உங்க 150 புள்ளிய நெனச்சுப் பாத்தேன்.

———

ஒகவாங்கோல நானும் விழுந்தேன். போட்ஸ்வானா, ஜூலைப் படம், மழை நின்னு மாசக்கணக்கு ஆச்சு, ஆனா டெல்டா பூரா தண்ணி. தேதி தப்பா போட்டுட்டாங்கன்னு ரிப்போர்ட் அடிச்சிட்டேன். தண்ணி அங்கோலா மலையில பெஞ்ச மழை, மாசக்கணக்கா மெதுவா நகந்து இங்க வந்து சேரும்போது இங்க மழையில்லாத காலம். ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கினேன். இன்னொண்ணு, தீ வெச்ச புல்வெளி. கருப்பா கிடக்கும், தண்ணின்னு அடிச்சிடுவோம், ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல புதுப் புல்லு பளபளன்னு நிக்கும். அவ்ளோதான், டியூட்டில இருக்கேன்.

———

எனக்கு மேப்பும் தெரியாது ஒண்ணும் தெரியாது, நான் முந்திரி வியாபாரம், பண்ருட்டி. பச்சைக் கொட்டை நம்ம ஊரு ஃபேக்டரிக்கு பத்தாது, அதனால ஐவரி கோஸ்ட் போய் எடுப்போம், இப்ப உலகத்துலயே அதிகமா வெளையிறது அங்கதான். கோரோகோ பக்கம் ஒரு தோப்புல மூட்டை எடை போட்டுட்டு இருந்தோம், மார்ச் மாசம், வெயில் கொளுத்துது. கூட வந்த பையன் போன்ல எதோ சேட்டிலைட் மேப்ப தொறந்து, அண்ணே நாம நிக்கிற எடம் காடுன்னு போட்டிருக்குங்கறான். சுத்திப் பாக்கறேன், கெழக்கால மேற்கால முந்திரிதான், தராசு, கோணி, பேரம் பேசுற கெழவி, எல்லாம் காட்டுக்குள்ளதான் இருக்கோம் போல.

ஆனா யோசிச்சா, மேல இருந்து பாத்தா என்ன தெரியும்? முந்திரி இலை உதுராம தழைஞ்சு நிக்கும், கிளை ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், அடில என்ன இருக்குன்னு தெரியாது. அந்த ஊருல மொத மொதல்ல முந்திரி வெச்சதே காடு வளக்கறோம்னுதானாம், அங்க ஒரு பெரியவர் சொன்னாரு, கொட்டைக்கு வெல வந்தப்புறம்தான் தோப்பாச்சு. சின்னக் கன்னா இருக்கும்போது நடுவுல வேர்க்கடல போடுவாங்க, அப்ப வந்து படம் எடுத்தா வயல், அஞ்சாறு வருஷம் கழிச்சு எடுத்தா காடு, நெலத்துக்காரன் அதே ஆளு. உங்கள மாதிரி ஆளுங்க அத எப்படிப் பிரிக்கறீங்கன்னு நெசமாவே தெரிஞ்சிக்கணும், ஏன்னா மகசூல் எவ்ளோ வரும்னு முன்னாடியே தெரிஞ்சா எனக்கு லாபம்.

———

முந்திரி அண்ணே, வரிசை தெரியுதான்னு பாப்போம், நட்ட தோப்புன்னா இடைவெளி சமமா இருக்கும், காடுன்னா இருக்காது. ஆனா அது தெளிவான போட்டோல மட்டும்தான். 10 மீட்டர், 20 மீட்டர் படத்துல வரிசை எல்லாம் கரைஞ்சு ஒரே பச்சையாயிடும். அப்ப கிராஃப்தான், இல்லன்னா பல வருஷப் படத்த பின்னாடி போய் எப்ப வெறும் நிலமா இருந்துச்சுன்னு பாக்கறது. லேண்ட்சாட்ங்கற அமெரிக்க சேட்டிலைட்டோட பழைய படமெல்லாம் 2008ல இருந்து இலவசம்ங்கறதால அது முடியுது.

நீங்க சொன்னதப் படிச்சதும் பழைய லேப்டாப்ப தொறந்து பெனின் நாட்டுப் புள்ளி ஒண்ணத் தேடி எடுத்தேன். அன்னிக்கு பயிர்னு அடிச்சிருக்கேன். குட்டிக் குட்டிப் புள்ளியா கன்னு, நடுவுல பச்சை, 2016 படம். இப்ப அதே இடத்த பாத்தா தரையே தெரியல, மூடிடுச்சு. வரிசை இருந்த மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஸ்க்ரீன்ஷாட் போடறேன், முந்திரி அண்ணன் பாத்துட்டு இது உங்க மரம்தானான்னு சொல்லுங்க.