கொரோலா 110: ஃபான் வயரிலை 12 வோல்ற் காட்டுது, ஃபான் சுத்தேல்லை

வேலணைப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். என்ர கார் கொரோலா 110, 1998 மொடல், 1500 சிசி பெற்றோல். வீடு வேலணை, வேலை யாழ்ப்பாணம் ரவுணுக்கை. ஒவ்வொரு நாளும் பண்ணைப் பாலத்தாலைதான் போய் வாறன்.

ஓடிக்கொண்டிருக்கேக்கை ஹீற் முள்ளு பாதியிலை நிக்கும். ஆஸ்பத்திரி வீதியிலை பஸ்ஸுக்குப் பின்னாலை அஞ்சு நிமிசம் நிண்டாப் போதும், முள்ளு மேலை ஏறத் தொடங்கீடும். திரும்ப ஓட வெளிக்கிட்டா இறங்கும்.

கராச்சிலை முதல் தேமோஸ்ராற்றை மாத்திச்சினம். பிறகு ஃபான் மோட்டர் எண்டிச்சினம். பாவிச்ச மோட்டர் ஒண்டு வாங்கிப் போட்டம். அதே கதைதான். போன சனிக்கிழமை எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகு ஃபான் கொனெக்ரரைக் கழட்டி நானே மீற்றர் பிடிச்சன். 12.3 வோல்ற். திருப்பிப் பூட்டினா ஃபான் ஒருக்கா அசைஞ்சிட்டு நிக்குது, சிலநேரம் மெல்லமாச் சுத்துது. அதே மோட்டருக்குப் பற்றரியிலையிருந்து நேரை குடுத்தா மண் பறக்கச் சுத்துது. மோட்டரும் நல்லம், கரண்டும் வருது, பிறகேன் சுத்தேல்லை? அம்மாவை மாசாமாசம் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போற கார். நடுப்பாலத்திலை நிண்டிட்டா எண்ட பயத்திலை நித்திரையும் இல்லை. ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

நெல்லியடி வான்காரன்

தம்பி, டாஷ்போட்டிலை ஒரு சுவிச் பூட்டி, பற்றரியிலையிருந்து ஃபானுக்கு நேரை வயரை இழு. நான் நாலு வரிசமா அப்பிடித்தான் ஓடுறன். முள்ளு ஏறினா சுவிச்சைப் போடு, அவ்வளவுதான்.

சுன்னாகம் வயரிங்

நேரடிச் சுவிச் வேண்டாம் தம்பி. ஒரு நாள் போட மறந்தா ஹெட் கஸ்கற் போகும். பியூஸ் இல்லாமல் இழுத்த வயர் உருகி, பக்கத்து வயரையும் சேத்து எரிச்சுப்போட்டு வந்த வாகனங்களை இந்தக் கையாலை பிரிச்சிருக்கிறன்.

கொனெக்ரரைக் கழட்டிப்போட்டு அளந்தபடியாலைதான் உங்களுக்கு 12 வந்தது. மோட்டர் சுத்த 8, 10 அம்பியர் வேணும். மீற்றருக்கு அதிலை லட்சத்திலை ஒரு பங்கும் தேவையில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு பம்பிலை தண்ணி இறைக்கிறனாங்கள்தானே. குழாய்க்குள்ளை ஊசியளவு வழிதான் மிச்சம் எண்டாலும், நுனியைக் கையாலை பொத்திப் பிடிச்சா அமுக்கம் முழுசாத் தெரியும். கையை எடுத்தா சொட்டுத்தான். உங்கட வயரும் அப்பிடி எங்கையோ அடைச்சிருக்கு. உப்புப் பிடிச்ச இடத்திலை தடை 1 ஓம் கூடினாக் காணும், 6 அம்பியர் ஓடேக்கை அந்த இடத்திலையே 6 வோல்ற் துலைஞ்சுபோம். மீற்றரை ஓம் அளக்கிற பக்கத்திலை வைச்சு அதைப் பிடிக்கிறதும் கயிட்டம், மீற்றரின்ர வயரே அரை ஓம் காட்டும்.

இந்தக் காரிலை கனபேர் பிழைவிடுற இன்னொரு விசயமும் இருக்கு. கன வாகனங்களிலை தண்ணிச் சுவிச், அதுதான் எஞ்சின் தண்ணியின்ர சூட்டை அறியிற சுவிச், சூட்டிலை மூடும், எண்டா கரண்ட் ஓட வழி விடும், ஃபான் ஓடும். அந்தக் காலத்து ரொயோட்டாவிலை மற்றப் பக்கம். குளிரிலை சுவிச் மூடியிருக்கும், றிலே, அதாவது கரண்டாலை இயங்குற சுவிச், இழுபட்டு ஃபானை நிப்பாட்டி வைச்சிருக்கும். தண்ணி 93 பாகை தாண்டினா சுவிச் திறக்கும், றிலே விடும், ஃபான் ஓடும். சுவிச் வயர் அறுந்தாலும் ஃபான் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எஞ்சின் தப்பீடும். நல்லா யோசிச்சுச் செய்த வேலை. அதாலை முதல் சோதினை சுகம். குளிர் எஞ்சினிலை இக்னிஷனைப் போட்டு, தண்ணிச் சுவிச்சின்ர கொனெக்ரரைக் கழட்டுங்கோ. ஃபான் முழு வேகத்திலை ஓடவேணும். ஓடாட்டி சுவிச்சிலை பிழை இல்லை. பியூஸ், றிலே, வயர், ஏர்த் (கரண்ட் பற்றரி நெகற்றிவுக்குத் திரும்பிப் போற வழி), இதிலை ஒண்டு.

பிறகு ஃபான் கொனெக்ரரைப் பூட்டினபடியே வைச்சு, பின்பக்கத்தாலை குண்டூசி விட்டு மோட்டரின்ர இரண்டு முனைக்கும் இடையிலை அளவுங்கோ. அடுத்தது பற்றரியின்ர நெகற்றிவ் முனைக்கும் மோட்டரின்ர ஏர்த் முனைக்கும் இடையிலை. கடைசியா பற்றரி பொசிற்றிவுக்கும் மோட்டரின்ர பொசிற்றிவுக்கும் இடையிலை. கடைசி இரண்டும் அரை வோல்ற்றுக்குக் கீழை இருக்கவேணும். எங்கை கூடக் காட்டுதோ அங்கைதான் அடைப்பு. மீற்றரிலை நம்பிக்கை இல்லாட்டி மோட்டருக்குப் பதிலா பழைய 55 வாற்ஸ் ஹெட்லைற் பல்ப்பைக் குடுத்துப் பாருங்கோ, மங்கலா எரிஞ்சா கதை விளங்கும்.

சாரத்தோடை குனிஞ்சு வேலை செய்யாதேங்கோ. ஃபான் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிடும்.

90களிலை ஏ40, மொறிஸ் மைனரெல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடேக்கை நான் வேலை பழகினனான். அதுகளிலை ஃபானைச் சுத்துறது பெல்ற், தேஞ்சா கண்ணுக்குத் தெரியும். வயருக்கை இருக்கிற பாசி கண்ணுக்குத் தெரியாது, சுமை குடுத்துத்தான் பாக்கவேணும்.

ஊர்காவற்றுறை அக்கா

தம்பி, எங்கட ஹயர் வானுக்கும் இதுதான் நடந்தது. சோளகக் காத்துக்கு பாலத்திலை கடல்தண்ணி அடிக்கிறது முழுக்க முன்பக்கத்துக்குத்தானே. ஹெட்லைற்றுக்குக் கீழை ஏர்த் வயர் பூட்டியிருக்கிற நட்டை முதல் பாருங்கோ. ரொயோட்டா எண்டா வெள்ளையிலை கறுப்புக் கோடு போட்ட வயர்.

இன்னொண்டு, றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணியோ விடுறனீங்கள்? எங்கட தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை வாறது. கேத்திலுக்கை படியிற வெள்ளை, தண்ணிச் சுவிச்சின்ர மூக்கிலையும் படியும், பிறகு அது சூட்டைப் பிந்தித்தான் அறியும். கூலண்ட் விடுங்கோ.

வேலணைப் பெடியன்

அண்ணை, அக்கா, இரண்டு பேருக்கும் கனக்க நன்றி. நேற்றுப் பின்னேரம் சொன்னபடி செய்தனான். தண்ணிச் சுவிச்சைக் கழட்ட ஃபான் மெல்லமாத்தான் வெளிக்கிட்டுது.

மோட்டரின்ர இரண்டு முனைக்கும் இடையிலை 4.9 வோல்ற். ஏர்த் பக்கம் 6.3. பொசிற்றிவ் பக்கம் 0.7. கூட்டிப் பாத்தன், 11.9, பற்றரியிலையும் அதுதான் நிண்டது. அந்த நேரம் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது, இரண்டு மாசமாத் தேடின வோல்ற் எல்லாம் அந்த ஒரு இடத்திலை.

வயரைப் பிடிச்சுக்கொண்டு போக, அக்கா சொன்ன மாதிரி ஹெட்லைற்றுக்குக் கீழை நட்டு. மேலாலை பாக்க நல்லாத்தான் இருந்தது. உறையைச் சீவ உள்ளுக்கை செம்பெல்லாம் பச்சையாப் பொடிஞ்சு கொட்டினது. வயரிலை நாலு இஞ்சு வெட்டி எறிஞ்சும் நல்ல செம்பு வரேல்லை, அதாலை முழு வயரையும் மாத்தி, காரின்ர பொடியிலை பெயின்ரைச் சுரண்டி, வயர் நுனிக்குப் புது லக் (நட்டிலை பூட்டுற வளையம்) அடிச்சு, நட்டை இறுக்கி மேலை கிறீஸ் பூசினன். இப்ப ஏர்த் பக்கம் 0.1. இண்டைக்குக் காலமை ஆஸ்பத்திரி வீதியிலை பத்து நிமிசம் நிண்டன், ஃபான் சத்தம் கேட்டுது, முள்ளு அசையேல்லை. பழைய மோட்டரையே திருப்பிப் பூட்டியிருக்கிறன், அதிலை ஒரு பிழையும் இருக்கேல்லை.

கிணத்துத் தண்ணிதான் விட்டனான் அக்கா. இந்தக் கிழமை கழுவிப்போட்டு கூலண்ட் விடுறன்.

சுன்னாகம் வயரிங்

நல்ல வேலை தம்பி. ஆனா அந்தப் பொசிற்றிவ் பக்கத்து 0.7ஐ விடாதேங்கோ. ஏர்த் சரியானபடியால் இப்ப கரண்ட் கூட ஓடும், அங்கை துலையிறதும் கூடும். இன்னொருக்கா அளந்து, அரை வோல்ற்றுக்கு மேலை எண்டா றிலேயைக் கழட்டி காலெல்லாம் பாருங்கோ, பழுப்பு நிறமாச் சூடேறியிருந்தா றிலேயை மட்டும் மாத்தாமல் அது குந்தியிருக்கிற சொக்கற்றையும் பாக்கவேணும். எத்தினை வோல்ற் வருது எண்டு எழுதுங்கோ.