பேட் சிஸ்டர்ஸ் முதல் சீசன் முடித்தேன், இந்தக் கதைக்குச் சிரித்தது சரியா? (முடிவு வரை பேசுகிறோம், பார்க்காதவர்கள் தவிர்க்கவும்)

மொட்டைமாடி:

ஆப்பிள் டிவியில் 2022-ல் வந்த ‘பேட் சிஸ்டர்ஸ்’ முதல் சீசனின் பத்து எபிசோடையும் இப்போதுதான் முடித்தேன். வீட்டில் யாருக்கும் இது பிடிக்காததால் இங்கே வந்திருக்கிறேன்.

அயர்லாந்தில் டப்ளின் பக்கம் கார்வி குடும்பத்துச் சகோதரிகள் ஐந்து பேர்: ஈவா, கிரேஸ், உர்சுலா, பிபி, பெக்கா. அப்பா அம்மா இல்லை, மூத்தவள் ஈவாதான் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறாள். அதில் கிரேஸ் என்பவளின் புருஷன் ஜேபி. தொடர் தொடங்குவதே அவன் சாவு வீட்டில்தான். அவன் போனதில் கிரேஸைத் தவிர அந்தச் சகோதரிகளில் யாருக்கும் வருத்தமில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. அப்புறம் கதை ஆறு மாதம் பின்னால் போய், மற்ற நாலு பேரும் சேர்ந்து அவனைக் கொல்ல எப்படியெல்லாம் திட்டம் போட்டார்கள், ஒவ்வொன்றும் எப்படிச் சொதப்பியது என்று காட்டுகிறது. இன்னொரு பக்கம் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்க வழியில்லாத கிளாஃபின் சகோதரர்கள், இது விபத்து இல்லை கொலை என்று நிரூபிக்க அலைகிறார்கள்.

நான் ஒன்பது எபிசோட் வரை நன்றாகச் சிரித்தேன். அந்தக் கேபின் வெடிக்கிற இடத்தில் வாய்விட்டே சிரித்தேன். பத்தாவது எபிசோடில், இத்தனை திட்டம் போட்டவர்களில் ஒருத்தரும் கொல்லவில்லை, இத்தனை நாளும் புருஷனுக்காகப் பரிந்து பேசிய கிரேஸ்தான் தன் கையால் அவன் கழுத்தை நெரித்தாள் என்று தெரிந்ததும் ஆடிப்போய்விட்டேன். ஈவாவை அவன் என்ன செய்தான் என்பதும் அங்கேதான் கிரேஸுக்குத் தெரிகிறது. அதன் பிறகு முன்னால் சிரித்த இடங்களை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஒரு பெண் வீட்டுக்குள் அணு அணுவாக நசுங்கிக்கொண்டிருக்கிற கதையை வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்க வைத்தது நியாயமா? உங்களுக்கும் இப்படித் தோன்றியதா, இல்லை எனக்கு மட்டும்தானா?

இன்னொன்று, இரண்டாவது சீசன் பார்க்கலாமா வேண்டாமா?

இரவுக்காட்சி:

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் நான் இரண்டாவது தடவை பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன், அதிலிருந்து இந்தத் தொடர்மேல் மரியாதை கூடிவிட்டது. சிரிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். திட்டம் போடுகிறவர்களின் தடுமாற்றத்தில் வருகிறது, கொலை செய்யத் தெரியாத நாலு சாதாரணப் பெண்களின் பதற்றத்தில் வருகிறது, கிளாஃபின் தம்பி ஒரு பக்கம் விசாரித்துக்கொண்டே இன்னொரு பக்கம் பெக்காவிடம் மனசைப் பறிகொடுப்பதில் வருகிறது. கிரேஸை வைத்து ஒரு சிரிப்பு கூடக் கிடையாது. ஜேபி அவளை ‘மம்மி’ என்று கூப்பிட்டு ஊரார் முன்னால் மட்டம் தட்டும்போது கேமரா அவள் முகத்திலேயே நிற்கும், யாராவது சிரித்தால் அது ஜேபியாகத்தான் இருக்கும். அந்த இடங்களில் கிரேஸாக நடித்த ஆன்-மேரி டஃப் உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மட்டும் கீழே இறக்குவார், எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு பிசையும். 2023-ல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த துணை நடிகை விருதை அவருக்குக் கொடுத்தது ரொம்பச் சரி. சிறந்த நாடகத் தொடர் விருதும் அந்த வருடம் இதற்குத்தான்.

அடுத்தது, சிரிப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். குளிர்பதன அறையை யோசித்துப் பாருங்கள். பெக்கா, ஐந்து பேரில் கடைக்குட்டி, ஜேபியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாக நினைக்கிறாள். உள்ளே போனது அவனுடைய வயசான அம்மா மின்னா. பெக்காவிடம் பிரியமாக இருந்த கிழவி. அதுவரை ‘இந்தத் தடவையாவது மாட்டுவானா’ என்று நாமும் அவர்கள் கூட்டத்தில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம் இல்லையா, அந்த இடத்தில் நமக்கும் சேர்த்துத்தான் அடி விழுகிறது. அதன் பிறகு பெக்காவாக வரும் ஈவ் ஹ்யூசன் நடிப்பில் அந்தப் பழைய துள்ளல் திரும்பவே இல்லை. இந்த ஒரு இடத்துக்காகவே, இது கொலையை விளையாட்டாக எடுத்துக்கொண்ட தொடர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு வந்த சங்கடம் அவர்கள் வேண்டுமென்றே வரவழைத்தது.

நெய்தல்வாசி:

நான் மாறுபடுகிறேன். நடிப்பு எல்லாம் பிரமாதம், மறுக்கவில்லை. என் குறை ஜேபி என்கிற பாத்திரத்தின் மேல்.

இவன் செய்யாத அக்கிரமம் ஏதாவது உண்டா? உர்சுலாவின் ரகசிய உறவைத் தெரிந்துகொண்டு மிரட்டுகிறான். பிபியின் ஒரு கண் போன விபத்துக்கு இவன்தான் காரணம். பெக்காவுக்குத் தொழில் தொடங்கப் பணம் தருகிறேன் என்று ஆசை காட்டிக் கழுத்தறுக்கிறான். ஈவாவோடு ஒரே ஆபீசில் இருந்துகொண்டு பதவி உயர்வில் குழி பறிக்கிறான், அதற்கும் மேலே அந்தப் பழைய கொடூரம். பக்கத்து வீட்டு ரோஜர் குழந்தைகளிடம் தப்பாக நடக்கிறவர் என்று பழி போடுகிறான். நாலு பேருக்கும் ஆளுக்கொரு காரணம் ரேஷன் கடையில் அளந்து போட்ட மாதிரி இருக்கிறது. இப்படி ஒருத்தனைப் படைத்துவிட்டால் ‘கொல்வது சரியா தப்பா’ என்று யோசிக்க நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது? கொஞ்சமாவது நல்ல குணம் உள்ள ஒரு ஜேபியை வைத்து இதே கதையைச் சொல்லியிருந்தால் நாம் இன்னும் தவித்திருப்போம்.

பத்து எபிசோடும் அதிகம். நடுவில் ஒரு திட்டம், ஒரு தோல்வி, மறுபடி ஒரு திட்டம் என்று ஒரே தடத்தில் ஓடுகிறது. யார் கொன்றது என்ற புதிரை இழுத்துப் பிடிப்பதற்காகவே கிளாஃபின் அண்ணன் தம்பி காட்சிகளை நீட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அடிப்படைக் கேள்வி: ஏன் ஒருத்தரும் உருப்படியாகப் போலீசுக்கோ வக்கீலிடமோ போகவில்லை?

செங்காந்தள்:

நெய்தல்வாசி, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஜேபி கிரேஸைக் கை நீட்டி அடித்து நாம் பார்ப்பதில்லை. போலீசில் போய் என்னவென்று சொல்வாள்? கிறிஸ்துமஸ் அன்று டப்ளின் சாண்டிகோவில் இருக்கிற ஃபார்ட்டி ஃபுட் என்ற இடத்தில், உறைய வைக்கும் கடல் தண்ணீரில் சகோதரிகள் சேர்ந்து குதிப்பது அவர்கள் வழக்கம். ஊரே செய்கிற வழக்கம் அது, நிஜத்திலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜனங்கள் அங்கே குளிக்க வருவார்கள். கிரேஸ் அங்கே வந்து சேர முடியாதபடி வீட்டிலேயே ஏதாவது ஒன்றைக் கிளப்பிவிடுவான். ‘என் புருஷன் என்னைக் குளிக்க விடவில்லை’ என்று எந்த ஸ்டேஷனில் எழுதி வாங்குவார்கள்? அக்கா தங்கைகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பது, அவள் சொல்வதை அவளே நம்பாதபடி செய்வது, எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். வெளியில் இருக்கிறவர்களுக்கு அவன் நல்ல மனிதனாகவே தெரிவான்.

துணையை இப்படித் திட்டமிட்டு அடக்கி ஆள்வது அயர்லாந்தில் தனிக் குற்றம் ஆனதே சமீபத்தில்தான். 2018-ல் போட்ட குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதைச் சேர்த்தார்கள், 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கும். ஆனால் சட்டம் இருந்தால் போதாது, பாதிக்கப்பட்டவளுக்குத் தான் பாதிக்கப்பட்டிருக்கிறோம் என்று முதலில் உறைக்க வேண்டும். கிரேஸுக்கு அது கடைசி எபிசோடில்தான் உறைக்கிறது. அதுவரை சகோதரிகள் யாராவது ஜேபியைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறவளே அவள்தான்.

விவாகரத்தும் அந்த ஊரில் நேற்றுவரை கிடையாது. 1995-ல் வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு ஐம்பதை ஒட்டித் தாண்டி, மயிரிழையில்தான் ஜெயித்தது. அதற்குப் பிறகும் ஐந்து வருடத்தில் நாலு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் கோர்ட் படி ஏற முடியும் என்று இருந்தது. 2019-ல்தான் அதை மூன்று வருடத்தில் இரண்டு வருடம் என்று குறைத்தார்கள். அம்மா, பாட்டி காலம் முழுக்கப் ‘போனது போகட்டும், அனுசரித்துப் போ’ என்று கேட்டு வளர்ந்த ஊர். சட்டம் மாறின வேகத்தில் மனசு மாறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜேபி ரொம்ப மோசம், நம்ப முடியவில்லை என்கிறீர்கள். குடும்பநல ஆலோசனை வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நம்பலாம். இப்படிப்பட்டவர்கள் ஒரே ஒருத்தரை மட்டும் வதைத்துவிட்டு மற்றவர்களிடம் தங்கமாக இருப்பதும் உண்டு, சுற்றியிருக்கிற அத்தனை பேரின் பலவீனத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டு ஆட்டிப்படைப்பதும் உண்டு. அவள் பக்கம் நிற்கக்கூடிய ஒவ்வொருத்தரையும் ஜேபி குறிவைத்து முடக்குகிறான் என்று பார்த்தால், நீங்கள் சொல்கிற அந்த ஆளுக்கொரு காரணம் வேறு மாதிரி தெரியும். ஜேபியாக நடித்த கிளேஸ் பேங் அதைக் கத்தாமல், குரலை உயர்த்தாமல் செய்திருக்கிறார். அந்த அமைதிதான் பயமுறுத்துகிறது.

பழைய_ரேடியோ:

யாரும் டைட்டிலைப் பற்றிச் சொல்லவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது. தயவுசெய்து அதை ஸ்கிப் பண்ணாதீர்கள். ஒரு பொருள் நகர்ந்து இன்னொன்றைத் தட்ட, அது மூன்றாவதைக் கவிழ்க்க, சங்கிலி போல ஓடிக்கொண்டே இருக்கும். கதை தெரிந்த பிறகு திரும்பப் பாருங்கள், அதில் வருகிற சாமான்கள் எல்லாம் பின்னால் வரப்போகும் முயற்சிகளோடு சம்பந்தப்பட்டவை.

பின்னணியில் பிஜே ஹார்வி பாடுவது லெனார்ட் கோஹனின் 1974 ஆல்பத்தில் வந்த பாட்டு. யார் நெருப்பால், யார் தண்ணீரால் என்று சாவின் வகைகளை அடுக்கிக்கொண்டே போகும். யூதர்கள் புத்தாண்டிலும் பாவமன்னிப்பு நாளிலும் சொல்கிற ஒரு பழைய பிரார்த்தனையிலிருந்து எடுத்தது அது. வரப்போகிற வருடத்தில் யார் பிழைப்பார், யார் எப்படிப் போவார் என்று கடவுள் எழுதி வைக்கும் நாள். இந்தத் தொடரில் அந்தக் கணக்கை நாலு பெண்கள் தங்கள் கையில் எடுக்கப் பார்க்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பாட்டை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

மொட்டைமாடி:

செங்காந்தள், உங்கள் பதிலை வீட்டில் படித்துக் காட்டினேன், நன்றி. இரவுக்காட்சி சொன்னபடி முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். முடிவு தெரிந்த பிறகு அந்தச் சாவு வீட்டில் கிரேஸ் நிற்கிற நிலையே வேறு. முதல் தடவை, பாவம் இவள் ஒருத்திக்குத்தான் துக்கம் என்று நினைத்தேன். இப்போது பயமும் தெரிகிறது. நெய்தல்வாசி, நீளம் பற்றி நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆறாவது ஏழாவது எபிசோடில் எனக்கும் கொஞ்சம் தொய்வு தெரிந்தது. இரண்டாவது சீசன் பற்றி யாராவது சொல்லுங்கள். கதை தெரிந்தாலும் பரவாயில்லை.

இரவுக்காட்சி:

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மற்றவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

2024 நவம்பரில் வந்தது, எட்டு எபிசோட். இரண்டு வருடம் கழித்து நடக்கிற கதை. கிரேஸ் மறுகல்யாணம் செய்துகொள்கிறாள், ஜேபியின் அப்பா உடல் ஒரு சூட்கேசில் கிடைக்கிறது, பழைய விசாரணை மறுபடி தூசி தட்டப்படுகிறது. இரண்டாவது எபிசோட் முடிவில் கிரேஸ் கார் விபத்தில் செத்துப்போகிறாள். ஆமாம், கிரேஸ்தான்.

எனக்கு அந்த இடத்தில் கோபம் தலைக்கேறியது. பத்து எபிசோட் கூடவே நடந்து, அவள் அந்த வீட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டோம், அதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். முதல் சீசனுக்கு மூலம் 2012-ல் வந்த ‘கிளான்’ என்ற பெல்ஜியம் தொடர், மாலின்-சாரா கோசின் உருவாக்கியது. அது ஒரே சீசனோடு முடிந்த கதை, இதையும் அங்கேயே முடித்திருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. புதிரும் முதல் சீசன் அளவுக்கு இறுக்கமாக இல்லை. ரோஜரின் அக்காவாக வருகிற ஃபியோனா ஷா நடிப்பு மட்டும் தனி ரகம், பக்தியும் மூக்கை நுழைக்கிற புத்தியும் ஒரே முகத்தில்.

செங்காந்தள்:

கிரேஸ் சாவு எனக்கும் தாங்கவில்லை, ஆனால் அது தப்பான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஜேபி போனதோடு அவன் செய்தது போய்விடவில்லை. கொலையை மறைத்து வைத்திருக்கிற பயம், யாரிடமும் மனம் விட்டுச் சொல்ல முடியாத நிலை, அந்த நேரத்தில் கிடைக்கிற புதுப் புருஷனிடம் எதை எவ்வளவு சொல்வது என்ற தவிப்பு, இதெல்லாம் சேர்ந்துதான் அவளை அந்தக் காரில் ஏற்றுகிறது. மிச்சம் நாலு பேரின் துக்கத்தை ஷாரன் ஹோர்கன் எழுதியிருக்கிற விதத்துக்காக நான் அந்த சீசனை விட்டுக்கொடுக்க மாட்டேன். சண்டை போட்டுக்கொண்டே அழுகிறார்கள், அழுதுகொண்டே எதற்கோ சிரித்துவிடுகிறார்கள், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

மொட்டைமாடி, பாருங்கள். ஆனால் முதல் சீசன் முடித்த கையோடு வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்.

நெய்தல்வாசி:

செங்காந்தள் சொன்னதைப் படித்த பிறகும் ஜேபி பாத்திரம் பற்றி என் கருத்தில் பாதி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் போலீஸ் கேள்வியை நான் மறுபடி கேட்க மாட்டேன். மொட்டைமாடி, இரண்டாவது சீசனில் முதல் இரண்டு எபிசோடை ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள், முதல் எபிசோடில் ஐந்து பேரும் சேர்ந்து இருக்கிற அந்தக் கல்யாணக் காட்சியை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்.