மறு: டெத் வாபுள் – ‘உதறல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேட்டிலோ குழியிலோ ஏறி இறங்கியதும் வண்டியின் ஸ்டியரிங் இடமும் வலமும் வெறிபிடித்து அடிப்பதை ஆங்கிலத்தில் ‘டெத் வாபுள்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் விவாதத்தில் இதுவரை வந்திருக்கும் சொற்கள்: அதிர்வு, தள்ளாட்டம், நடுக்கம், ஊசலாட்டம், மரண ஆட்டம். கடைசியை முதலில் கழித்துவிடுவோம். மரண ஆட்டம் என்றதும் எனக்குப் பாடைக்கு முன்னால் போகிற குத்தாட்டம்தான் கண்ணில் வருகிறது. ஸ்டியரிங் வரவில்லை.

என் வழக்கு ‘அதிர்வு’ மீதுதான். பாடநூலில் ஊன்றிய சொல், எல்லோருக்கும் புரியும் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். புரியும்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் நான் ஒரு வருடம் பணத்தைத் தொலைத்தேன்.

என்னுடையது எண்பதுகளில் வந்த மகிந்திரா ஜீப். முன்னாலும் பட்டை ஸ்பிரிங், முன்சக்கரம் இரண்டையும் கட்டி வைத்திருக்கும் ஒற்றை ஆக்சில். தேனியிலிருந்து போடி போகும்போது 60-ஐத் தொட்டு ஒரு பாலத்து மேட்டில் ஏறி இறங்கினேன். அவ்வளவுதான், ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் அடித்தது. காலை எடுத்தேன், வேகம் 40, 30 என்று இறங்கியது, அப்போதும் விடவில்லை. ஓரங்கட்டி ஏறக்குறைய நிறுத்திய பிறகுதான் அடங்கியது. மறுபடி 60-இல் ஓட்டினால் ஒன்றுமே இல்லை, வெண்ணெய் மாதிரி போகிறது.

ஊரில் ஒரு கடையில் “வைப்ரேஷன்” என்றேன். பேலன்சிங் செய்தார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள். அப்புறம் ஸ்டியரிங் அடிப்பதை அமுக்கும் டாம்பர் புதிதாகப் போட்டார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தது, பிறகு பழைய கதை. கடைசியில் போடியில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளைப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அதிருதா, உதறுதா?”

நான் முழித்தேன். அவரே சொன்னார்: “அதிர்றதுன்னா ஒரு வேகத்துல வரும், அதைத் தாண்டுனா போயிரும். உதறல்னா குழியில விழுந்ததும் பிடிக்கும், நிறுத்துற வரைக்கும் விடாது. குளிர்க்காய்ச்சல்காரன் மாதிரி.”

நம் விவாதத்துக்கு வேண்டிய வரையறை இதிலேயே இருக்கிறது. பேலன்சிங் தப்பினால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உதை கொடுக்கிறது. பாடநூல் மொழியில் திணிப்பு அலைவு. அதற்கு ‘அதிர்வு’ பொருந்தும். மற்றது வேறு சாதி. குழியின் உதை ஒரே ஒரு தடவைதான். அதன் பிறகு வண்டி முன்னால் ஓடும் ஓட்டத்திலிருந்தே சக்தியை எடுத்துத் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் இரண்டு ஆட்டத்தில் செத்துவிடும். தளர்ந்திருந்தால் சாகாது. டாம்பர் அதை அமுக்கி வைக்குமே தவிர, தளர்வு அப்படியே இருக்கும்.

அவர் பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் தரையில் இருக்க, பையன் ஒருவன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் ஆட்டிக்கொண்டே இருந்தான். இவர் அடியில் படுத்து முன்சக்கரங்களை இணைக்கும் ஸ்டியரிங் கம்பியான டை ராடின் ஒவ்வொரு முனையிலும், பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக்கிள் புஷ்ஷிலும் கையை வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும் என்றார். பிறகு ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார், ‘டக்’ என்றது. “பிரேக்கை மிதிங்க சார்.” மிதித்தேன். டக் நிற்கவில்லை. நின்றிருந்தால் வீல் பேரிங், நிற்காததால் கிங்பின், அதாவது முன்சக்கரம் இடவலமாகத் திரும்புகிற அச்சாணி. கழற்றினால் அதன் பேரிங் கப்பில் உருளைகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கிறது. புது பேரிங் போட்டு, காகிதம் மாதிரி மெல்லிய ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, டை ராடைக் கோக்காமல் கொக்கித் தராசால் இழுத்து இறுக்கம் பார்த்தார். மீன் நிறுக்கிற அதே தராசு! உட்கார்ந்துபோன முன்பட்டையால் கேஸ்டரும், அதாவது கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமும், குறைந்திருந்தது. இந்த ஜீப்பின் மூலமான அமெரிக்க வில்லீஸ் காலத்துக் கையேடு கேட்பது 3 டிகிரி. பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்து அதையும் சரிசெய்தார். அதற்குப் பிறகு டாம்பரைக் கழற்றிவிட்டே ஓட்டிக் காட்டினார். உதறவில்லை.

‘தள்ளாட்டம்’ சொன்ன தங்கைக்கு: அழகான சொல், ஆனால் குடிகாரன் நடைக்கு உள்ள மந்தம் அதில் இருக்கிறது. இது நொடிக்குப் பல தடவை அடிப்பது. ‘ஆட்டம்’ என்பதைத் தொடவே வேண்டாம். பட்டறையில் அது தளர்வின் பெயர், ஆங்கிலத்து ‘ப்ளே’. டை ராடில் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் உதறும் என்று ஒரே வாக்கியத்தில் காரணத்தையும் விளைவையும் பிரித்துச் சொல்ல முடிகிற வசதியை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

‘உதறல்’ பேச்சுவழக்கு, பயத்தில் கைகால் உதறுவதற்குச் சொல்வது என்ற ஆட்சேபம் வரும். வரட்டும். ‘ஷிம்மி’யும் ஒரு நடனத்தின் பெயர்தான், விமானப் பொறியாளர்கள் முன்சக்கரம் இப்படி உதறுவதற்கு அதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அங்கேயும் ‘முன்சக்கர உதறல்’ பொருந்தும். டாம்பருக்கு ‘உதறல் தணிப்பான்’.

பின்குறிப்பு: கிங்பின்னுக்கு ‘அரச ஊசி’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். போடியில் எந்த உதிரிபாகக் கடையிலாவது அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டால் என் வாக்கு அவருக்கே.