எடிசன் தாயின் கடிதம்: மேடையில் சொன்னது பொய் என்று தெரிந்தபின் என்ன செய்வது?

கேள்வி – தென்கரையான்:
வணக்கம். பத்தாண்டுகளாகப் பள்ளி விழாக்களில் பேசிவருகிறேன். சென்ற மாதம் ஓர் ஆண்டு விழாவில், எடிசனைப் பள்ளியை விட்டு நீக்கும் கடிதத்தை அவருடைய தாய் "உங்கள் மகன் மேதை" என்று மாற்றிப் படித்த கதையையும், தாய் இறந்து பல ஆண்டுகள் கழித்து அக்கடிதத்தைக் கண்டெடுத்து எடிசன் கதறியதையும் வழக்கம்போலச் சொன்னேன். தாய்மார்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டும் பேனாவுமாக வந்து, "ஐயா, அந்தக் கடிதம் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?" என்று கேட்டாள். தேடிச் சொல்கிறேன் என்றேன். தேடியபோதுதான் அப்படியொரு கடிதமே இல்லை என்று தெரிந்தது. வலியப் போய்த் திருத்த வேண்டுமா, இனிமேல் சொல்லாமல் இருந்தால் போதுமா?

பதில் – மாலைமுரசொலி:
இதற்கு ஏன் இத்தனை வருத்தம்? "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். ஒரு தாயாவது அன்றிரவு தன் பிள்ளையைத் திட்டாமல் விட்டிருப்பாள் அல்லவா?

பதில் – உரைவாசகன்:
மேடைப் பொய்களுக்கெல்லாம் இந்த 292ஆம் குறளைத்தான் குடையாகப் பிடிக்கிறோம். ஆனால் இக்குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் இடம், கேடோ சாவோ நேர நின்ற ஓர் உயிர் அதிலிருந்து நீங்கும் இடம். கைதட்டல் குறைந்துவிடுமே என்று ஒரு பேச்சாளர் அஞ்சும் இடம் அன்று. "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்பது அதற்கு அடுத்த குறள் என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். நண்பர் அறியாமல் சொன்னவரை அது பிழை மட்டுமே. அறிந்தபின் வாய்மூடி இருந்தால்தான் நெஞ்சறிந்த பொய்யாகும்.

பதில் – ஒலிவாங்கி:
திருத்துங்கள் என்பதே என் கருத்தும். உண்மை நிகழ்ச்சி கதையைவிட இளைத்ததும் அன்று. தன்னை மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் சொன்னதைச் சிறுவன் எடிசன் தன் காதாலேயே கேட்டு, அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடி, தாயிடம் சொன்னார். தாய் பள்ளிக்கே சென்று ஆசிரியரிடம் சண்டையிட்டுவிட்டு, வீட்டில் வைத்துத் தாமே கற்பித்தார். பின்னாளில் எடிசனே நினைவுகூர்ந்தது இது. இதில் மறைத்துவைத்த கடிதம் இல்லை, மகனுக்காகச் சண்டைக்குப் போன ஒரு தாய் இருக்கிறார். எனக்கென்னவோ அவரைத்தான் பிடித்திருக்கிறது.

நானும் இவ்வகையில் குற்றவாளிதான். பேச்சுப் பயிற்சி வகுப்புகளில், பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த எண்களுக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒற்றைச் சொற்களையும் முகப் படங்களையும் வைத்து, பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி உணர்கிறார் என்பதை மட்டுமே அளந்தவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். அதை வகுப்பில் ஒப்புக்கொண்ட நாளில் எனக்கு வியர்த்தது உண்மை. ஆனால் இடைவேளையில் மாணவர்கள் அதற்குமுன் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டார்கள்.

திருத்தும்போது நீட்ட வேண்டாம். "சென்ற முறை நான் சொன்ன கடிதக் கதை உண்மை அன்று, சரிபார்க்காமல் சொன்னது என் பிழை" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். இணையம் கெட்டுவிட்டது, எல்லாரும்தான் சொல்கிறார்கள் என்றெல்லாம் இழுத்தால் அது மன்னிப்பாக இராது, வழக்காடுவதாகிவிடும்.

தென்கரையான்:
நன்றி. அடுத்த விழா வரை காத்திராமல், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டுத் தலைமையாசிரியரிடம் இன்று பேசினேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் அங்கே இருக்கமாட்டார்கள் என்பதால், அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். கேள்வி கேட்ட மாணவியைப் பெயர் சொல்லிப் பாராட்டலாம் என்று நினைத்தேன்; கூட்டத்தில் கூச்சப்படுவாளோ என்னவோ, முதலில் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.