பொருள்: மறு: ‘காம்ப்ளெக்சிட்டி’ – இசை ஒப்பீட்டில் எந்தச் சொல்?

> கணிதத்திலும் கணினியியலிலும் ‘சிக்கல்தன்மை’ நிலைத்துவிட்டதால், அயர்லாந்து மரபிசையை ஐரோப்பியச் செவ்விசையோடு ஒப்பிடும் கட்டுரைக்கும் அதுவே போதும்.

வணக்கம் ஐயா,

‘காம்ப்ளெக்சிட்டி’க்குச் ‘சிக்கல்தன்மை’ போதாது என்பது என் கருத்து. சிக்கல் என்றதும் அதை அவிழ்க்க வேண்டும் என்ற எண்ணமே தமிழில் முந்துகிறது. அதைவிடப் பெரிய இடர், இரு மரபுகளையும் ஒரே சொல்லால் அளக்கும்போது தாளில் எழுத முடிந்ததே அளவுகோலாகிவிடுவது. பாஹின் ஃபியூக் என்னும் பல்குரல் இசைவடிவில் ஒரே கருப்பொருள் குரல்தோறும் நுழைந்து வளர்வதை இசைத்தாளில் விரல் வைத்துக் காட்டலாம். அயர்லாந்தின் நடன மெட்டான ரீல் என்பதோ பெரும்பாலும் எட்டெட்டு பார் (தாள அலகு) கொண்ட இரு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 32 பார். 1903இல் சிகாகோவில் ஃபிரான்சிஸ் ஓநீல் வெளியிட்ட 1,850 மெட்டுகளின் தொகுப்பைப் புரட்டுகிறவர் இவ்விசை எளிது என்றே முடிவுகட்டுவார்.

அந்த மெட்டு வாசிக்கப்படும்போது நடப்பது வேறு. அயர்லாந்தின் பைக்குழலான இல்லன் பைப்பில் துருத்தி ஊட்டும் காற்று பையிலிருந்து குழலுக்கு இடையறாது செல்வதால், ஒரே சுரத்தை அடுத்தடுத்து ஒலிக்க நாவால் பிரிக்க வழியில்லை. மேல்விரல் ஒன்றைக் கணநேரம் தூக்கித் துண்டிக்கிறார்கள். அது ‘கட்’. கீழ்த்துளையை விரலால் தட்டினால் ‘டேப்’. நீண்ட சுரம் ஒன்றை இவ்விரண்டாலும் மூன்றாகப் பகுத்தால் ‘ரோல்’. எல்லாத் துளைகளும் மூடியிருக்கும் தாழ்ந்த சுரத்தில் தட்டுவதற்குத் துளை மிச்சமில்லை என்பதால் ‘கட்’களை மட்டுமே அடுக்கிக் ‘கிரான்’ வாசிக்கிறார்கள். எங்கே எதைச் சேர்ப்பது என்பதை வாசிப்பவரே, திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றித் தீர்மானிக்கிறார்.

இவற்றைக் கமகம் எனலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கமகத்தில் சுரத்தின் அசைவே காதுக்கு விருந்து. ‘கட்’ வாசிக்கையில் இடையே வரும் சுரம் தனிச் சுரமாகக் காதில் பதியவே கூடாது, அது தாளத்தைச் சேர்ந்த வேலை. மேற்கு அயர்லாந்தின் கொனமாராவில் ஷான்-நோஸ் என்னும் பழைய பாடல் மரபின் பாடகர்கள் ஓர் அசையைப் பல சுரங்களில் இழைத்துப் பாடுவதற்கு வேண்டுமானால் கமகம் ஓரளவு ஒத்துவரும்.

‘காம்ப்ளெக்சிட்டி’க்குப் ‘பின்னல்’ அழகான சொல்தான். ஆனால் பின்னுவதற்குப் பல இழைகள் வேண்டும், அயர்லாந்து மரபில் இருப்பது ஒற்றை மெட்டு. ஆகவே ‘செறிவு’ என்பதை அடிச்சொல்லாக வைத்து, கட்டமைப்புச் செறிவு, வாசிப்புச் செறிவு என இரண்டாகப் பிரிக்கலாம் என முன்மொழிகிறேன். வேதியியலில் செறிவு கரைசலுக்கு வழங்குவது உண்மை. முன்னொட்டு இருக்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள். “பீத்தோவனின் பிற்கால நால்வர் இசை கட்டமைப்புச் செறிவு மிக்கது, ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிவுசெய்த, அயர்லாந்தின் ஸ்லைகோ வட்டார ரீல்கள் வாசிப்புச் செறிவு மிக்கவை” என்று எழுதிப் பாருங்கள். கட், ரோல், கிரான் ஆகியவற்றை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.