மார்ச் மேட்னஸ்: எங்களைத் தோற்கடித்த அந்த வெள்ளிக்கிழமை

மார்ச் வந்தாலே அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டியான மார்ச் மேட்னஸில் ஆளாளுக்குத் தங்கள் அணி ஜெயித்த கதையைத்தான் சொல்கிறார்கள். நான் ஒரு தோல்வியைச் சொல்கிறேன். எனக்கு இந்தப் போட்டி மேல் பைத்தியம் பிடித்ததே அந்தத் தோல்வியால்தான்.

2016-இல் ஆராய்ச்சிப் படிப்புக்காக வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு, சார்லட்ஸ்வில் ஊருக்கு வந்தேன். கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு எதையும் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. லேபில் பக்கத்து மேசையில் ஒரு அண்ணன், போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆராய்ச்சி செய்பவர். அவர் மாஸ்டர்ஸ் முடித்தது யுஎம்பிசியில், அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் மேரிலண்ட், பால்டிமோர் கவுண்டி. செஸ் அணிக்குப் பெயர் போன இடம், கூடைப்பந்தில் அப்போது யாரும் கண்டுகொள்ளாத இடம். எனக்கு பிராக்கெட், அதாவது எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே குறிக்கிற அட்டவணை, நிரப்பக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மொத்தம் 68 அணிகள், நாலு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. 1-ஆம் இடம் 16-ஆம் இடத்தோடு மோதும், 2 வந்து 15-ஓடு, இப்படியே. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தொழில்முறை லீக்கான என்பிஏவின் பிளேஆஃபில் ஏழு ஆட்டத் தொடர் உண்டு, ஒரு நாள் சறுக்கினாலும் நிமிர்ந்துகொள்ளலாம். இங்கே அந்த வாய்ப்பே கிடையாது. நாலு வருடம் விளையாடிய பையனுக்கு அந்த நாற்பது நிமிடத்தோடு கல்லூரி வாழ்க்கையே முடிந்துபோகும். ஆரம்பச் சுற்றான ‘முதல் நான்கு’ போக மிச்சம் 63 ஆட்டங்கள். அத்தனையையும் முன்கூட்டியே சரியாகச் சொல்ல எத்தனை வழி என்று கணக்குப் போட்டால் சுமார் 92 ஆயிரம் கோடி கோடி வரும். இன்றுவரை முழுசாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் நிரப்புகிறோம்.

2018-இல் வர்ஜீனியாதான் நாட்டின் முதல் அணி. 31 வெற்றி, 2 தோல்வி. கோச் டோனி பென்னெட்டின் ‘பேக்-லைன்’ டிஃபென்ஸ் எப்படி என்றால், ஐந்து பேரும் உள்ளே சுருங்கி நின்று கூடைக்குப் போகிற வழியையே அடைத்துவிடுவார்கள். நிதானமான ஆட்டம். பலருக்கு அலுப்பாக இருக்கும், எனக்கு அதுதான் பிடித்தது. எதிரணிக்குக் கொடுத்த புள்ளிகள் நாட்டிலேயே மிகக் குறைவு. ஆனால் போட்டி தொடங்க ஒரு சில நாட்கள் இருக்கும்போது டிஆண்ட்ரே ஹன்டரின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரர்களில் எங்களுக்குக் கிடைத்த தங்கம் அவர். அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

முதல் எதிரி யார் என்று பார்த்தால் யுஎம்பிசி. அண்ணனின் கல்லூரி. அதே வருடம் ஜனவரியில் ஆல்பனியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி. 1985-இல் போட்டி 64 அணிகளாக விரிந்ததிலிருந்து ஆண்கள் போட்டியில் 16-ஆம் இடத்து அணி 1-ஆம் இடத்தோடு 135 முறை மோதியிருந்தது, 135 முறையும் தோல்வி. அண்ணனின் பிராக்கெட்டைப் பார்த்தேன். அவரே வர்ஜீனியாவைத்தான் சாம்பியன் என்று போட்டிருந்தார். “மனசு வேற, கணக்கு வேற தம்பி” என்றார்.

மார்ச் 16, வெள்ளி இரவு. ஆட்டம் வட கரோலைனாவின் சார்லட் நகரில். நான் அறையில் இன்னும் மூன்று பேரோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டத்தில் 21-21. யாரும் பயப்படவில்லை, எங்கள் ஆட்டமே அப்படித்தானே என்று பேசிக்கொண்டோம். இரண்டாம் பாதி தொடங்கியதும் யுஎம்பிசியின் ஜெய்ரஸ் லைல்ஸ் என்கிற பையன் உள்ளே பாய்ந்தான், அடுத்து வெளியே நின்று மூன்று புள்ளி போட்டான், மறுபடி பாய்ந்தான். நம் பையன்கள் அவனை அடைக்க உள்ளே சுருங்கினால் பந்து மூலைக்குப் போகிறது, மூலையில் நிற்பவன் கை தூக்கி எறிந்தால் விழுகிறது. வெளியே ஓடினால் லைல்ஸ் உள்ளே. அந்த டிஃபென்ஸை அந்த மாதிரி யாரும் கிழித்து நான் பார்த்ததே இல்லை. இன்னொரு பக்கம் நாங்கள் எறிகிற மூன்று புள்ளிகள் எல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பின. பின்தங்கிய அணிக்கு வேகமாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும், எங்களுக்கு அது கைவரவில்லை. இரண்டாம் பாதியில் மட்டும் யுஎம்பிசி எடுத்தது 53. மற்ற அணிகள் எங்களிடம் ஒரு முழு ஆட்டத்துக்கு எடுத்ததே சராசரியாக அவ்வளவுதான். முடிவு 74-54.

கடைசி ஐந்து நிமிடம் அறையில் ஒருவரும் பேசவில்லை. டிவியில் எங்கள் பெஞ்சைக் காட்டினார்கள். டை ஜெரோம் ஜெர்சியின் கழுத்தை வாய் வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி எனக்கு ஞாபகம். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆட்டம் முடிந்ததும் பென்னெட் பேட்டியில் சாக்கு எதுவும் சொல்லவில்லை, எதிரணியைப் பாராட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் மேல் அன்று வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

நள்ளிரவு தாண்டி அண்ணன் போன் செய்தார். ஊரே அவருடைய கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது, மனுஷன் குரலில் துள்ளலே இல்லை. “சாப்பிட்டியாடா?” என்றார். சாப்பிடவில்லை என்றேன். “சரி, நாளைக்கு வா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை லேபுக்கு வந்தபோதும் யுஎம்பிசி டி-ஷர்ட் போட்டு வரவில்லை. அதற்குள் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 50-43 என்று அவர்களும் வெளியே போயிருந்தார்கள். இருவருமாகப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து வேலையைப் பார்த்தோம்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ஆட்டம் இருக்கிறதா? ஜெயித்ததோ தோற்றதோ, விவரமாக எழுதுங்கள்.

*

தம்பி, ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன். நீங்கள் “ஆண்கள் போட்டியில்” என்று சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் நிறைய பேர் அந்த வார்த்தையை விட்டுவிடுகிறார்கள். 16-ஆம் இடம் 1-ஆம் இடத்தை முதன்முதலில் வென்றது 1998-இல், பெண்கள் போட்டியில். ஹார்வர்ட் 71, ஸ்டான்ஃபோர்ட் 67. அதுவும் ஸ்டான்ஃபோர்டின் சொந்த மைதானத்தில்! பெண்கள் போட்டியில் மேல்வரிசை அணிகள்தான் முதல் இரண்டு சுற்றையும் தங்கள் ஊரில் நடத்தும், அதனால் அங்கே கீழ்வரிசை அணி ஜெயிப்பது இன்னும் கஷ்டம். ஸ்டான்ஃபோர்டுக்கு இரண்டு முக்கிய ஆட்டக்காரர்கள் முழங்கால் காயத்தில் வெளியே இருந்தார்கள், உண்மைதான். ஆனாலும் ஆலிசன் ஃபீஸ்டர் அன்று எடுத்த 35 புள்ளியை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

என் ஆட்டமும் அதே 2018-தான். உங்களுக்கு இரண்டு வாரம் கழித்து, கொலம்பஸில் பெண்கள் இறுதி ஆட்டம், ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. ஒஹாயோவில் இருக்கிறோமே என்று பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நோட்ர டாம், மிசிசிப்பி ஸ்டேட். நோட்ர டாமில் நாலு பேர் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே இருந்தார்கள். இரண்டு நாள் முன்புதான் தோல்வியே காணாத யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியை, சமநிலைக்குப் பிறகு தரும் கூடுதல் நேரமான ஓவர்டைமின் கடைசி விநாடியில், நோட்ர டாமின் அரிகே ஒகுன்பவாலே வீழ்த்தியிருந்தார். இறுதியில் நோட்ர டாம் ஒரு கட்டத்தில் 15 புள்ளி பின்னால். மகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது, கிளம்பலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை எழுந்திருக்கவில்லை.

58-58, மூன்று விநாடி. பந்து உள்ளே வருகிறது, ஒகுன்பவாலே வலது ஓரத்துக்கு ஓடியபடி வாங்குகிறார், ஒரே ஒரு தட்டு, கோட்டுக்கு வெளியே சாய்ந்துகொண்டே ஒரு மூன்று புள்ளி.  பந்து மேலே போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய கூட்டத்தில் சத்தமே இல்லை. வலைக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் பாக்கி 0.1. என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்த வாரமே பள்ளி அணியில் சேர்ந்தாள், இன்றைக்கும் ஆடுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2021-இல் ஆண்களுக்கு ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு ஒரே ஒரு சின்ன அடுக்கு டம்பெல். ஓரிகன் ஆட்டக்காரி செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் போட்டியை நடத்துபவர்கள் விழித்தார்கள். ‘மார்ச் மேட்னஸ்’ என்கிற பெயரே 2022-இல்தான் பெண்கள் போட்டிக்குக் கிடைத்தது, 68 அணிகளும் அதே வருடம்தான். அப்புறம் 2024-இல் சவுத் கரோலைனா, கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா மோதிய இறுதியை 1 கோடி 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், ஆண்கள் இறுதியை விட அதிகம். முதல் தடவையாக! அன்று மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு அது போதும்.

*

நான் சுருக்கமாக. டேட்டனில் ‘முதல் நான்கு’ ஆட்டம் ஒன்றை நேரில் பார்த்தேன். யாரும் சொந்த அணி என்று இல்லாமல் வந்த கூட்டம், ஆனாலும் அரங்கம் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். இதைச் சும்மா தகுதிச் சுற்று என்று ஒதுக்காதீர்கள், 2011-இல் விசியு, 2021-இல் யுசிஎல்ஏ, இரண்டும் ‘முதல் நான்கு’ சுற்றில் தொடங்கி கடைசி நான்கு, அதாவது அரையிறுதி வரை போன பல்கலைக்கழக அணிகள். நான் பார்த்த ஆட்டத்தில் தோற்ற அணியின் ஒரு பையன் முடிந்த பிறகும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஜெயித்த அணியிலிருந்து ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், தோளில் கை போட்டான், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. ஸ்கோர் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

*

அக்கா, திருத்தத்துக்கு நன்றி. 1998 ஆட்டத்தைத் தேடிப் பார்க்கிறேன். உங்கள் மகளுக்கு என் வாழ்த்து.

என் கதையின் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். 2019-இல் மறுபடி 1-ஆம் இடம், மறுபடி ஒரு 16-ஆம் இடம். கார்ட்னர்-வெப் முதல் பாதியில் 14 புள்ளி முன்னால் போனபோது எனக்குக் கை நடுங்கியது. அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார், “இந்தத் தடவை நடக்காது பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 71-56 என்று தப்பித்தோம்.

அப்புறம் பர்டூ அணியோடு. அவர்களுடைய கார்சன் எட்வர்ட்ஸ் பத்து மூன்று-புள்ளி எறிதல்களோடு மொத்தம் 42 எடுத்த ஆட்டம். ஆறு விநாடி இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். ஜெரோமின் ஃப்ரீ த்ரோ (எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) தவறுகிறது, எங்கள் மமடி டியாகிட்டே தட்டிவிட்ட பந்து நடுக்கோட்டையும் தாண்டிப் பின்னால் உருண்டு ஓடுகிறது. கியே கிளார்க், முதலாம் ஆண்டுப் பையன், அணியிலேயே குள்ளம், துரத்திப் பிடிக்கிறான். பக்கத்தில் இரண்டு பேர் கை நீட்டிக் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிற டியாகிட்டேவுக்கு ஒரே வீச்சு. டியாகிட்டே பிடித்த வேகத்தில் எறிந்தான், பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்த பஸ்ஸர், பந்து உள்ளே. ஓவர்டைமில் 80-75. இந்தப் பாஸை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அந்த வயதில் அந்த நேரத்தில் அவனுக்கு எப்படி அது கண்ணில் பட்டது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

அடுத்து ஆபர்ன் அணியோடு எங்கள் கைல் கை 0.6 விநாடி பாக்கி இருந்தபோது மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டு 63-62. மினியாபொலிஸில் இறுதி, டெக்சஸ் டெக். மூன்று புள்ளி பின்னால் இருந்தபோது மூலையிலிருந்து சமன் செய்தது யார் தெரியுமா? ஹன்டர். போன வருடம் மணிக்கட்டு முறிந்து ஆட முடியாமல் போன அதே ஹன்டர். மொத்தம் 27 புள்ளி. ஓவர்டைமில் 85-77. நடு இரவில் யுனிவர்சிட்டி அவென்யூ பக்கம் ‘கார்னர்’ முழுக்க ஜனம், நானும் அண்ணனும் அந்தக் கூட்டத்துக்குள் நடந்தோம். அவர் அன்று எங்கள் வர்ஜீனியாவின் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன், அவரும் வேறு ஊரில். பென்னெட் 2024 அக்டோபரில் விலகினார். 2025 மார்ச்சில் வர்ஜீனியா புதுக் கோச்சை அறிவித்தது, ரயன் ஓடம். 2018-இல் யுஎம்பிசியின் கோச்சாக இருந்து எங்களைத் தோற்கடித்தவர். அவருடைய அப்பா எண்பதுகளில் வர்ஜீனியாவில் உதவிக் கோச், இவர் அப்போது அதே அணிக்குப் பந்து எடுத்துப் போட்ட சின்னப் பையன்.

செய்தி வந்த சில நிமிடத்தில் அண்ணனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: “எங்க ஆளை உங்க கிட்ட அனுப்பியிருக்கோம், நல்லா பார்த்துக்கோங்க.”